வீண் செலவா அந்த ஒரு நாள்?



கடந்த பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் மாலை. அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பிள்ளைகளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கையின் மாமியார் ராஜபாளையத்திலிருந்து பேருந்தேறி, வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்த அந்த அம்மையார் சொல்லாமல் கொள்ளாமல் வருபவர் அல்லர். துயரச் செய்தி எதுவுமோ என்று பதறி எழுந்தேன்.

“தம்பி, உறவு கொண்டாட நான் வரவில்லை. ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்திடம் ஒரு நியாயம் கேட்க வந்திருக்கிறேன்” என்று கூறியவாறு தம் அலைபேசியை என்னிடம் நீட்டினார்.

அதில் ஒரு புகைப்படம். பின்னால் ஒரு மரமும் இல்லாத மொட்டை மலை; முன்னால் நீலக் கடல். நடுவில் என் தங்கை, அவள் கணவர், பத்து வயது மகன், நான்கு வயது மகள். துபாய்க்குக் குடிபெயர்ந்த பின் அவர்கள் மேற்கொண்ட முதல் வெளியூர்ப் பயணத்தில் எடுத்த படம்.

“வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. சின்ன மகளின் கல்யாணக் கடனில் இன்னும் பாதி நிற்கிறது. இவர்கள் அங்கே போய் மூன்று மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். இது வீண் விரயம் இல்லையா? மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது?”

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. ஒரு பக்கம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது அல்லவா? தேநீர் கொடுத்து, விசாரித்துச் சொல்வதாக வாக்களித்து அனுப்பிவைத்தேன். விசாரித்த பின்புதான் தெரிந்தது, அது அவர் ஒருவரின் கேள்வி அன்று என்பது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்கின்றனர். அவர்களை நம்பி ஊரில் அடுப்பெரியும் வீடுகள்தாம் எத்தனை! அவ்வீடுகளில் எல்லாம் வாய்விட்டும் விடாமலும் எழுகின்ற கேள்வி இது. ஆகவே இம்மாதம் அதனையே இப்பக்கத்தில் பேச விரும்புகிறேன்.

அறிமுகம் இல்லாத தந்தை

என் மைத்துனர் துபாய்க்குச் சென்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கர் வேலை. இரண்டாண்டுக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் விடுமுறை. மகன் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. மகள் பிறந்தபோதும் இல்லை. பத்து வயதுப் பையன் தன் தந்தையோடு சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் ஓராண்டுகூடத் தேறாது.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்நாட்டில் 2019-க்குப் பின் உள்ள விதிப்படி, மாதம் 4,000 திர்ஹம் ஊதியம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் உள்ளவரே மனைவி மக்களை வரவழைக்க முடியும். அந்த ஊதியத்தை எட்டுவதற்கு அவருக்குப் பதினோரு ஆண்டுகள் தேவைப்பட்டன. சென்ற ஆண்டின் இறுதியில் என் தங்கையும் பிள்ளைகளும் விமானம் ஏறினர்.

தொலைபேசியில் நான் விசாரித்தபோது தங்கை முதலில் தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“அண்ணே, வந்த முதல் மாதம் வீட்டுக்குள் ஒரு விருந்தாளியோடு இருப்பது போலத்தான் இருந்தது. பையனுக்குத் தாகம் எடுத்தால்கூட அவரிடம் கேட்க மாட்டான்; அடுக்களைக்கு வந்து என் காதில் சொல்வான். ‘அத்தாவிடம் கேளேன்டா’ என்றால் தலையைக் குனிந்துகொள்வான். தொலைபேசியில் மணிக்கணக்காக அத்தாவோடு பேசிய பிள்ளைதான். நேரில் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓர் இரவு, ‘இவனுக்காகத்தானே இத்தனை வருஷம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.”

வாசகர்களே, இதனைக் கேட்டபோது நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். நாம் திரும்பி வந்த பெட்டிகளை எண்ணிப் பார்க்கிறோம். அனுப்பிய பணத்தை எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளை தந்தையிடம் தண்ணீர் கேட்கத் தயங்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அவர்கள் குடியிருப்பது நான்காம் மாடியில் ஓர் அறை வீடு. பிள்ளைகள் பார்த்ததெல்லாம் மின்தூக்கி, பள்ளிப் பேருந்து, எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர் ஆகியவையே. வன்னியம்பட்டியில் என் வீட்டுத் திண்ணையிலும் தோப்பிலும் ஓடித் திரிந்த பையன் அவன். “மாமா, இந்த நாட்டில் மண்ணே இல்லையா?” என்று என்னிடம் ஒரு முறை கேட்டான். மணல் நிறைந்த நாட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறானே என்று நான் சிரித்துவிட்டேன். அது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று என்பது பின்னர்தான் புரிந்தது.

கிழக்கு நோக்கி ஒரு பயணம்

மைத்துனரோடு பணிபுரிபவர் ஒரு மலப்புரத்துக்காரர். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர். அவர்தாம் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார். ஜனவரி மாதம் குளிர்ந்த காலம். ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் விடுமுறை, கிடங்கும் விடுமுறை. “பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்வோம், பிள்ளைகளுக்கு மலையைக் காட்டுவோம்” என்றாராம். என் தங்கை அதிகாலையில் எழுந்து எலுமிச்சைச் சோறு கிளறி, முட்டை அவித்து, ஒரு பெரிய புட்டியில் தேநீர் ஊற்றிக்கொண்டாள். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டனர்.

துபாய் நகரம் பாரசீக வளைகுடாக் கரையில் இருக்கிறது. அமீரகத்தின் ஏழு அமீரகங்களில் ஃபுஜைரா ஒன்றுதான் முழுக்க முழுக்கக் கிழக்குப் பக்கமாக ஓமான் வளைகுடாவை நோக்கியிருப்பது. இரண்டு கரைக்கும் நடுவே ஹஜர் மலைத்தொடர் நிற்கிறது. நாம் மலையைக் காண மேற்கே பார்க்கிறோம். அவர்கள் கிழக்கே போக வேண்டும்.

முதலில் மணற்காடு. பிறகு தைத் என்னும் பேரீச்சைச் சோலை. மலையடியிலுள்ள நிலத்தடி நீரைச் சரிவான வாய்க்கால் வழியே தொலைவிலுள்ள தோட்டத்துக்குக் கொண்டுவரும் ‘ஃபலஜ்’ முறை இந்தப் பகுதிகளில் பழங்காலந்தொட்டு இருந்துவந்தது. எண்ணெய் கிடைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் தண்ணீரைச் சொட்டு வீணாக்காமல் முறை வைத்துப் பங்கிட்டு உழவு செய்தனர். நம்மூர்க் கண்மாயில் மடை திறந்து முறைத் தண்ணீர் பாய்ச்சியதைப் போன்றதே அது. எண்ணெய்க்கு முந்திய அந்த உழைப்பைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லதல்லவா?

அடுத்துச் சாலையோரத்தில் ஒரு சந்தை. வெள்ளிக்கிழமைச் சந்தை என்பது அதன் பெயர். ஆனால் எல்லா நாளும் கடைகள் உண்டு. பழங்கள், செடிகள், கம்பளங்கள் எல்லாம் அங்கே விற்பனைக்கு இருந்தன. என் தங்கை இறங்கவில்லை. “இறங்கினால் வாங்கத் தோன்றும்” என்று சொல்லிவிட்டாளாம். மாமியார் கவனிக்க வேண்டிய இடம் இது.

மஸாஃபியை நெருங்கியதும் சாலை மலைக்குள் வளைந்து வளைந்து செல்லத் தொடங்கியது. பையனுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினர். சிறியவள் மடியில் உறங்கியதால் தாய் உடனே இறங்க முடியவில்லை. தந்தைதான் இறங்கி, பையனின் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, வாய் கொப்புளிக்கச் செய்து, தம் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“அத்தா, இன்னும் கொஞ்சம் தண்ணீர்” என்று பையன் கேட்டான்.

வண்டிக்குள் இருந்த என் தங்கைக்கு அந்தச் சொல் காதில் விழுந்தது. இதை என்னிடம் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

நான்கு குவிமாடங்களின் கீழே

திப்பா வழியாகக் கடற்கரைச் சாலையை அடைந்து தெற்கே திரும்பினால் அல் பிதியா என்னும் ஊர். அங்குள்ள சிறிய பள்ளிவாசல் அமீரகத்தில் இன்னும் பயன்பாட்டிலுள்ள மிகப் பழைய பள்ளிவாசல் என்று கருதப்படுகிறது. 1997–98-இல் ஃபுஜைராவின் தொல்பொருள் துறையும் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆய்வு செய்து, ஏறத்தாழ 1446-இல் கட்டப்பட்டது என்று கணித்தன. கல்லும் மண்கட்டியும் சாந்தும் கொண்டு கட்டிய சுவர். மேலே நான்கு குவிமாடங்கள். நான்கையும் நடுவில் நிற்கும் ஒற்றைத் தூண் தாங்குகிறது. உள்ளிடம் ஏறத்தாழ 53 சதுர மீட்டர். நம் ஊர்ப் பக்கத்து நடுத்தர வீட்டின் அளவுதான். பின்னால் குன்றின் மேல் இரண்டு காவற்கோபுரங்கள். இன்றும் அங்கே தொழுகை நடைபெறுகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டு என்றால், இப்னு மாஜித் வாழ்ந்த காலம். இந்தியப் பெருங்கடலில் மரக்கலம் செலுத்துவோருக்கு வழிகாட்டி நூல்கள் எழுதிய அந்த மாலுமி, இன்றைய ராஸல் கைமா பகுதியிலிருந்த ஜுல்ஃபாரில் பிறந்தவர். அவருக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பு, தஞ்சாவிலிருந்து 1325-இல் புறப்பட்ட இப்னு பதூதா நம் மதுரைக்கே வந்து சென்றார். அரபு நாட்டுக் கரைக்கும் நம் கரைக்கும் இடையிலான போக்குவரத்து விமானம் வந்த பின் தொடங்கியது அன்று.

அவர்கள் சென்றபோது லுஹருடைய ஜமாஅத் முடிந்திருந்தது. ஒளூச் செய்துகொண்டு மைத்துனர் இமாமாக முன்னால் நின்றார். பின்னால் மலப்புரத்து நண்பரும் பையனும். அவர்களுக்கும் பின்னால் என் தங்கை. தக்பீர் கட்டுவதற்கு முன் பையன் மெல்லக் கேட்டானாம்:

“அத்தா, இரண்டு ரக்அத்தானே? நாம் முஸாஃபிர் அல்லவா?”

மைத்துனர் திகைத்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக அறையிலும் கிடங்கிலும் நான்காகவே தொழுது பழகியவர். பயணத் தொழுகையின் நினைவே அவருக்கு எழவில்லை. இரண்டு ரக்அத் தொழுவித்து ஸலாம் கொடுத்த பின், “இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டிருக்கிறார். “வன்னியம்பட்டி மதரஸாவில் மாமா” என்றான் பையன். “அப்படியானால் இன்றைய பயணத்துக்கு நீதான் அமீர்” என்று சொல்லி மகனைத் தம்மோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மூவர் பயணம் செய்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்வது நபிவழி. பத்து வயதுப் பையனை அமீராக்கியது அன்பின் விளையாட்டுத்தான். என்றாலும் அன்று முழுவதும் எங்கே நிற்பது, எப்போது உண்பது என்று தந்தை அவனிடம் கேட்டுக் கேட்டே நடந்துகொண்டாராம்.

இவ்விடத்தில் வாசகர்களுக்காகச் சட்டத்தைச் சிறிது விளக்குவது என் கடமை. ஹனஃபீ மத்ஹபின்படி ஏறத்தாழ 78 கிலோமீட்டர் தொலைவுக்குப் பயணம் செல்ல நினைத்துத் தன் ஊரின் எல்லையைக் கடந்தவர், நான்கு ரக்அத் ஃபர்ளுத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். சென்ற ஊரில் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால் அங்கும் அவ்வாறே. சுபுஹும் மஃரிபும் மாறுவதில்லை. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் அவரைப் பின்பற்றி நான்கும் தொழ வேண்டும். துபாயிலிருந்து அல் பிதியா நூறு கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் அவர்கள் முஸாஃபிர்களே. லுஹர் முடிந்ததும் அந்த நண்பர் எழுந்து அஸரையும் இரண்டு ரக்அத் தொழுததைக் கண்டு பையன் குழம்பியிருக்கிறான். கேரளத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். பயணத்தில் சுருக்குவதோடு, இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழவும் அவர்களுக்குச் சலுகை உண்டு. நாம் அஸரை அதன் நேரத்தில் தொழுகிறோம். இரண்டும் சரியே. ஏட்டில் படித்தபோது பையனுக்குப் பாடமாக இருந்தது, அந்தப் பள்ளிவாசலில் அனுபவம் ஆயிற்று.

சீட்டில் எழுதிய ஊர்

அல் பிதியாவிலிருந்து சிறிது தொலைவில் கோர்ஃபக்கான். ஷார்ஜா அமீரகத்தைச் சேர்ந்த துறைமுக ஊர். 1979 முதல் சரக்குப் பெட்டகங்கள் வந்திறங்கும் துறை அங்கே இயங்குகிறது. மைத்துனர் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடங்குச் சீட்டுகளில் அந்த ஊரின் பெயரை எழுதிவந்தவர். கண்ணால் கண்டது அன்றுதான். “இதுதானா அது!” என்று நின்றுவிட்டாராம்.

சகோதரிகளே, இந்த ஒரு செய்தி என் நெஞ்சைத் தைத்தது. இது மனைவி மக்களின் முதல் பயணம் மட்டும் அன்று. அந்த மனிதருக்கும் அதுவே முதல் பயணம். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டில் உழைத்தவர், அதன் மலையை ஒரு முறையும் பார்த்ததில்லை. அறையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து அறை. விடுமுறை நாளில் துணி துவைப்பதும் ஊருக்குப் பேசுவதும் உறங்குவதும். பணம் செலவாகும் என்று எங்கும் போனதில்லை.

கடற்கரையில் அமர்ந்து சோறு உண்ணும்போது மலப்புரத்து நண்பர் தம் பாட்டனாரின் கதையைப் பையனுக்குச் சொன்னார். 1960-களில் கேரளக் கரையிலிருந்து ‘லாஞ்சு’ எனப்பட்ட மரக்கலங்களில் எண்ணற்றோர் வளைகுடாவுக்குப் புறப்பட்டனர். கடவுச்சீட்டு ஏது, அனுமதி ஏது? பல நாள் கடலில் கிடந்து, கோர்ஃபக்கான் அருகே பாறைகள் தெரிந்ததும் லாஞ்சுக்காரர் குதிக்கச் சொல்வார். நீந்தத் தெரிந்தவர் கரை சேர்ந்தார், எல்லாரும் சேரவில்லை. கரை சேர்ந்தவர்களுள் ஒருவர் அந்தப் பாட்டனார். வேலை தேடி மலையைக் கடந்து துபாய் வரை போய்ச் சேர்ந்தவர்.

அதே கரைக்கு 1507-இல் வேறு சிலரும் வந்தனர். அல்புகர்க்கின் தலைமையில் போர்த்துகீசியர் வந்து கோர்ஃபக்கானைத் தாக்கி எரித்தனர். அந்தப் போர்த்துகீசியரை எதிர்த்துத்தான் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் அந்நூற்றாண்டில் போராடினர். ஒரே கடலின் இரு கரைகளும் ஒரே துன்பத்தை அனுபவித்திருக்கின்றன.

மாலையில் சூரியன் கடலில் மறையவில்லை. மலைக்குப் பின்னால் மறைந்தது. அதனைப் பற்றிப் பையன் எனக்குத் தன் கையால் இரண்டு பக்கம் தமிழில் கடிதம் எழுதி, அதனைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். தமிழை மறந்துவிடக் கூடாது என்று நான் இட்ட கட்டளை அது. எழுத்துப் பிழைகள் உண்டு. அதிலுள்ள செய்தியின் சுருக்கம் இதுதான்: இங்கே மலைக்குச் சட்டை இல்லை, ஒரு மரமும் இல்லை. ஆனாலும் நம்மூரைப் போலவே மலைக்குப் பின்னால்தான் சூரியன் போகிறது. நம்மூர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், அதற்கு அப்பால் கடல் என்று மாமா சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடலின் இந்தக் கரையில்தான் நானும் அத்தாவும் நின்றோம். ஆகையால் நாங்கள் ரொம்பத் தூரத்தில் இல்லை.

இருட்டிய பின் 2019-இல் திறக்கப்பட்ட ஷார்ஜா சாலை வழியாக, மலையைக் குடைந்த ஐந்து சுரங்கங்களைக் கடந்து திரும்பினார்கள். பையன் தந்தையின் தோளில் சாய்ந்தே உறங்கிப்போனானாம்.

நியாயம் சொன்ன நாள்

கணக்கைக் கேட்டேன். பெட்ரோலில் பங்கு, தண்ணீர், தேநீர், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறு திர்ஹம். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அம்மாதம் ஊருக்கு அனுப்பிய தொகை ஒரு ரூபாயும் குறையவில்லை. மைத்துனர் இரண்டு விடுமுறை நாட்களில் மிகைநேர வேலை பார்த்து அந்தத் தொண்ணூறைத் தனியே சேர்த்திருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜபாளையம் சென்றேன். அம்மையார் வாசலில் அமர்ந்திருந்தார். அந்த வாசலில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுதாகத் தெரியும். நான் சொன்னேன்:

“செலவில் வரம்பு மீறாமலும் கையை இறுக்காமலும் இரண்டுக்கும் இடையில் நிற்பவர்களைத்தான் திருமறை புகழ்கிறது. கடன் கொடுத்தவனின் உரிமையைப் பறித்தோ, பெற்றோரைப் பட்டினி போட்டோ, பெருமைக்காகவோ செலவழித்தால் அது விரயம். இவர்கள் எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை. தன் குடும்பத்துக்காக ஒருவன் செலவிடுவது நன்மையான காரியம் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்தத் தொண்ணூறு திர்ஹத்தில் உங்கள் பேரனுக்கு ஒரு தந்தை கிடைத்திருக்கிறார்.”

பிறகு பையனின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சீட்டில் எழுதிய ஊரின் கதையையும் சொன்னேன். அம்மையார் வெகு நேரம் பேசவில்லை.

“பன்னிரண்டு வருஷமாக என் மகன் ஒரு மலையைக்கூடப் பார்க்கவில்லையா?” என்றார். “இந்த வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டுதான் அவன் சோறு தின்பான். எனக்கு அவன் எதுவும் சொன்னதில்லையே.”

சொல்லியிருக்க மாட்டார். வெளிநாட்டில் உள்ள நம் ஆண்மக்கள் அனுப்பிய பணத்தைச் சொல்வார்கள். அனுபவிக்காத வாழ்வைச் சொல்வதில்லை.

நான் எழும்போது அவர் ஒன்று சொன்னார். “கூரையை மழைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தம்பி, அந்தப் படத்தை ஊர் முழுக்க அனுப்ப வேண்டாம் என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அவள் புருஷன் போய் ஏழு வருஷம் ஆகிறது.”

நியாயம் கேட்க வந்தவர் எனக்கே ஒரு நியாயம் சொல்லிவிட்டார். பயணம் குற்றமன்று, அதனைக் காட்சிப்படுத்துவதில்தான் எச்சரிக்கை வேண்டும். மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் ஊதியம் இல்லாதவர்களே மிகுதி. நம் மகிழ்ச்சியின் படம் இன்னொரு வீட்டில் கண்ணீராகலாம். தங்கையிடம் சொன்னேன், உடனே ஒப்புக்கொண்டாள்.

புதிய நாட்டில் குடியேறிய குடும்பங்களுக்குச் சில சொற்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும், குளிர் காலத்தில், ஒரு நாள் பயணம் செல்லுங்கள். சோற்றை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். அடையாள அட்டையை மறவாதீர்கள். மலையில் மழை பெய்தால் வறண்டு கிடந்த ஓடையிலும் நொடியில் வெள்ளம் வரும். வெள்ளம் பாயும் ஓடைக்குள் வண்டி ஓட்டுவோருக்கு 2023 முதல் அந்நாட்டில் கடும் அபராதம் உண்டு. பழைய பள்ளிவாசலைக் கண்டால் படம் மட்டும் எடுத்துத் திரும்பாமல் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வாருங்கள்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள இயலாத சகோதரர்களே! விடுமுறையில் வரும் நாற்பத்தைந்து நாட்களில் ஒரே ஒரு நாளைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். விருந்து, திருமணம், பத்திரப் பதிவு எல்லாம் இருக்கட்டும். ஒரு நாள் போதும்.

இத்தனையும் எழுதும் நான் எப்படிப்பட்டவன்? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியான காடு அது. என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பதினைந்து ஆண்டுகளாக இங்கே ஓதிக்கொடுக்கும் நான், என் பிள்ளைகளை ஒரு நாளும் அங்கே அழைத்துச் சென்றதில்லை. ‘நேரமில்லை’ என்று சொல்லிவந்தேன். நானும் உள்ளூரிலேயே வெளிநாட்டில் வாழ்ந்திருக்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புறப்பட்டோம். வனத்துறையினர் அனுமதிக்கும் எல்லை வரை சென்றோம். அம்மையாரையும் அழைத்துக்கொண்டோம். அவருடைய அறுபத்தைந்து ஆண்டுகளில் மலையடிக்கு வந்தது அதுவே முதல் முறையாம். ஓடையில் கால் நனைத்து உட்கார்ந்தவர், “அந்தக் கடுதாசியை இன்னொரு தரம் வாசியுங்கள் தம்பி” என்றார்.

வாசித்தேன். பிரிந்து வாழும் நம் குடும்பங்களை எல்லாம் வல்ல அல்லாஹ் ஒன்று சேர்த்து வைப்பானாக. ஆமீன்.